காந்தத்துக்கு ஓடி வராத கறுப்புத் தண்ணீர்

கேள்வி
மே 14, 2023

அக்கா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறேன். வேதியியல் இரண்டாம் வருடம். யூடியூபில் ஒருவர் இரண்டு இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்து, அம்மோனியா ஊற்றி, அஞ்சே நிமிடத்தில் கறுப்பு நானோ துகள் செய்துவிடுகிறார். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனதும் எல்லாம் பாய்ந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேனுக்காக உடம்பில் ஏற்றுகிற காந்தத் துகளும் மேக்னடைட் என்கிற இதே காந்த இரும்பு ஆக்சைடுதான் என்று படித்தேன். இவ்வளவு சுலபம் என்றால் நீங்கள் ஆறு வருடமாக அந்த லேபில் என்ன செய்கிறீர்கள்? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நாங்கள் இதை ஒரு ப்ராஜெக்டாகச் செய்யலாமா?

மே 14, இரவு

தம்பி, அந்த வீடியோ பொய்யில்லை. அஞ்சு நிமிடம்கூட ஆகாது.

5.4 கிராம் ஃபெரிக் குளோரைடு, 2 கிராம் ஃபெரஸ் குளோரைடு. முதலாவது ஆறு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்த உப்பு, இரண்டாவது நாலு சேர்ந்தது. இப்படி எடுத்தால் ஃபெரிக் இரும்பு இரண்டு பங்கும் ஃபெரஸ் இரும்பு ஒரு பங்கும் இருக்கும். மேக்னடைட்டுக்குள் இருக்கும் கணக்கும் அதுதான். காற்று நீக்கிய தண்ணீரில் கரைத்து, நைட்ரஜன் ஓடவிட்டு, வேகமாகக் கலக்கிக்கொண்டே அம்மோனியா ஊற்ற வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் கரைசல் ஒரு நொடி பழுப்பாகும், அடுத்த நொடி மை மாதிரிக் கறுத்துவிடும். ஒன்றும் வீணாகாவிட்டால் 2.3 கிராம் மேக்னடைட் கிடைக்கும். பிரான்ஸில் ரெனே மஸார் 1981ல் வெளியிட்ட வழி இது. உலகத்தில் எத்தனையோ லேபுகள் இன்றும் இதையேதான் செய்கின்றன.

ஒவ்வொரு துகளும் சுமார் 10 நானோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 20,000 இரும்பு அணு. இவ்வளவு சின்னதாகிவிட்டால் மேக்னடைட்டின் குணமே வேறு. துகள் முழுவதும் ஒரே காந்தமாக இருக்கும், ஆனால் அறை வெப்பமே அதன் திசையைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து காந்தப்புலம் வந்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும், புலத்தை எடுத்தால் மறந்துவிடும். இதற்கு சூப்பர்பாராமேக்னடிசம் என்று பெயர். உடம்புக்குள் அனுப்புவதற்கு இந்த மறதி ரொம்ப முக்கியம். ஸ்கேனை விட்டு வெளியே வந்த பிறகும் காந்தமாகவே இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகும், கட்டி ரத்தக்குழாயில் போய் அடைக்கும்.

இப்போது உன் வீடியோவுக்கு வருகிறேன். துகள் காந்தத்துக்குப் பாய்ந்து வந்தது என்கிறாயே, அங்கேதான் விஷயம். தனித்தனியாக நிற்கிற 10 நானோமீட்டர் துகள் கையளவு காந்தத்துக்கு அப்படி ஓடி வராது. இழுவிசை துகளின் கன அளவைப் பொறுத்தது. அவ்வளவு சின்னத் துகளைத் தண்ணீரின் வெப்ப அலைச்சலே தள்ளிக்கொண்டு போய்விடும், காந்தத்தின் பிடி போதாது. ஓடி வருவது ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்ட கட்டி. அந்த வீடியோவில் இருப்பது நானோ துகளால் ஆன சேறு. ஸ்கேனுக்கு வேண்டியது, காந்தத்தைப் பக்கத்தில் ராத்திரி முழுக்க வைத்தாலும் காலையில் அடியில் வண்டல் இல்லாமல் அதே நிறத்தில் நிற்கிற தண்ணீர்.

ஆறு வருடம் அதற்குத்தான் போயிருக்கிறது.

மே 15

அவசரத்தில் ஒன்று விட்டுவிட்டேன். வீட்டில் செய்யாதே. அம்மோனியா கண்ணையும் மூச்சையும் பிடிக்கும். புகையை வெளியே இழுக்கிற ஃபியூம் ஹூட் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. லேபிலேயே செய்தாலும் அது எந்த உயிருக்குள்ளும் போகிற பொருள் அல்ல, எலிக்குக்கூட. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

மே 20

இங்கே ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். ஃபெரோஃப்ளூயிட் என்கிற காந்தத் திரவமும் நன்றாகப் பிரிந்து நிற்கிற துகள்தானே, அது காந்தத்துக்கு முள்ளு முள்ளாக எழும்பி வருகிறதே, எப்படி என்று கேட்கிறார். கேள்வி நியாயம்தான். நான் எழுதியது அரைகுறை.

ஃபெரோஃப்ளூயிடில் துகள் மட்டும் தனியாக ஓடி வருவதில்லை, திரவமும் சேர்ந்தே வருகிறது. துகள் அத்தனை அடர்த்தியாக இருப்பதால் முழுத் திரவமும் ஒரு காந்தப் பொருள் மாதிரி நடந்துகொள்ளும். காந்தத்தை எடுத்துவிட்டால் முள் அடங்கிப் பழையபடி வழுவழுவென்று ஆகிவிடும். சேறு அப்படி இல்லை. துகள் ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் தெளிந்து தனியே நிற்கும். ஆகவே ஓடி வருகிறதா என்று பார்க்காமல், தண்ணீரை விட்டுப் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படித்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று. முதல் ஃபெரோஃப்ளூயிடை 1963ல் நாசாவில் ஸ்டீவ் பாப்பல் செய்தபோது இப்படி வீழ்படிவாக்கவில்லை. மேக்னடைட்டை மண்ணெண்ணெய் போன்ற திரவத்தில், ஒலியிக் அமிலம் சேர்த்து, நீண்ட நேரம் உருட்டி உருட்டி அரைத்தார். எடையில்லாத இடத்தில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துக் குழாய்க்குக் கொண்டுவர முடியுமா என்பது அவருடைய கேள்வி. மருத்துவம் யார் மனதிலும் இல்லை.

மே 27

ஆறு வருடம் எதற்குப் போனது என்று சொல்ல, உப்பில் தொடங்க வேண்டும். இது நீளும்.

2018. நான் டர்பனுக்கு வந்து ஒரு வருடம். துகளின் மேல் சிட்ரேட் பூசியிருந்தேன். எலுமிச்சையில் இருக்கிற அதே சிட்ரிக் அமிலத்தின் உப்பு. சிட்ரேட் மூன்று கை உள்ள மூலக்கூறு. ஒன்றிரண்டு கையால் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், மிச்சக் கை எதிர்மின்னேற்றத்தோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாத் துகளுக்கும் ஒரே மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். வெறும் மேக்னடைட்டுக்கு இந்த வசதி கிடையாது. அதன் மேற்பரப்பு பி.எச். 7 பக்கத்தில் மின்னேற்றமே இல்லாமல் போய்விடும். ரத்தம் 7.4. போயும் போயும் நமக்கு வேண்டிய இடத்தில்தான் அது உடனே கட்டியாகும்.

சிட்ரேட் பூசிய புட்டி அழகாக இருந்தது. பால் விடாத டீ நிறம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருக்கிற ஜன்னல் கம்பி தெரியும். மூன்று வாரம் அலமாரியில் அசையாமல் நின்றது. மேலாளரிடம் காட்டினேன், அவருக்கும் சந்தோஷம். "சரி, இதைச் சலைனில் போட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டார். போடவில்லை.

0.9 சதவீத உப்புத் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டர் விட்டேன். முதல் சில நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஜன்னல் கம்பி மங்கியது. இருபது நிமிடத்தில் பால் திரிந்த மாதிரி பழுப்புத் துணுக்குகள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அடியில் கறுப்பு வண்டல், மேலே தெளிந்த தண்ணீர். அந்த வண்டல் காந்தத்துக்கு நன்றாக ஓடி வந்தது.

காரணம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. துகளின் மின்னேற்றம் எவ்வளவு தூரம் எட்டும் என்பது தண்ணீரில் இருக்கிற உப்பைப் பொறுத்தது. லிட்டருக்கு ஒரு மில்லிமோல் உப்பு என்றால் கிட்டத்தட்ட 10 நானோமீட்டர் தூரம் எட்டும், துகளின் குறுக்களவே அவ்வளவுதான். சலைனில் 154 மில்லிமோல் உப்பு. அங்கே அந்தத் தூரம் 1 நானோமீட்டருக்கும் குறைந்துவிடும். ஒரு துகள் இன்னொன்றைத் தள்ளுவதற்குள் இரண்டும் தொட்டுவிடும், தொட்டால் ஒட்டிவிடும். மனித உடம்பே உப்புத் தண்ணீர். மின்னேற்றத்தை மட்டும் நம்பின துகள் அங்கே பிழைப்பது கஷ்டம்.

அதற்குப் பிறகு நான் மேற்பூச்சைத் தவிர வேறு எதையும் பெரிதாக யோசிக்கவில்லை. உள்ளே இருக்கிற இரும்பு ஐந்து நிமிட வேலை. வெளியே இருக்கிற சட்டைக்குத்தான் வருடங்கள்.

ஜூன் 3

சாட்ஸ்வொர்த்திலிருந்து, ஓய்வு பெற்ற ரேடியோகிராஃபர் ஒருவர் எழுதிய குறிப்பை எல்லோரும் படியுங்கள். அவர் சொல்வது: "நீங்கள் எல்லாரும் எம்ஆர்ஐ துகளைப் படம் பிடிக்கிறது என்று எழுதுகிறீர்கள். எம்ஆர்ஐ தண்ணீரைத்தான் படம் பிடிக்கிறது."

சரியாகச் சொன்னார். 1.5 டெஸ்லா மெஷினில் தண்ணீரின் ஹைட்ரஜன் கருக்கள் நொடிக்கு சுமார் 6.4 கோடி தடவை சுழலும். பக்கத்தில் ஒரு காந்தத் துகள் இருந்தால் அங்கங்கே புலம் கொஞ்சம் மாறும், கருக்களின் தாளம் பிசகும், சமிக்ஞை சீக்கிரம் செத்துவிடும். அந்த இடம் படத்தில் கறுப்பாகும். துகளை யாரும் பார்க்கவில்லை. துகள் கலைத்துவிட்ட தண்ணீரைப் பார்க்கிறோம்.

ஈரலில் இது எப்படிப் பயன்பட்டது என்று சொன்னால் புரியும். ஈரலில் குப்ஃபர் செல் என்று ஒன்று உண்டு. ரத்தத்தில் வருகிற குப்பையை விழுங்குவதுதான் அதன் வேலை. துகளை ஏற்றினால் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். நல்ல ஈரல் முழுக்கக் கறுத்துவிடும். புற்றுக்கட்டியில் பெரும்பாலும் அந்தச் செல் இருக்காது, ஆகவே கட்டி மட்டும் வெளிறி நிற்கும். ஃபெரிடெக்ஸ் என்ற மருந்து இதற்காக 1996ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிலோவுக்கு 0.56 மில்லிகிராம் இரும்பு, டெக்ஸ்ட்ரோஸ் தண்ணீரில் கலந்து அரை மணி நேரம் மெல்ல ஏற்றுவார்கள். 2008 வாக்கில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கும் ஐயா ஒரு காரணம் எழுதியிருக்கிறார், ஸ்கேன் அறையில் நின்றவர் சொல்வது. கறுப்பை வைத்து நோய் கண்டுபிடிப்பது சிரமம். காற்றுக் குமிழும் கறுப்பு, பழைய ரத்தக்கசிவும் கறுப்பு, பல்லில் இருக்கிற உலோகமும் கறுப்பு. காடோலினியம் என்ற உலோகம் கலந்த ஊசி போட்டால் இடம் பளிச்சென்று வெளுக்கும், டாக்டருக்கு உடனே தெரியும். நான் முதல் வருடங்களில் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு நல்லது என்றே நினைத்து வேலை செய்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். துகளை 3, 4 நானோமீட்டருக்குக் குறைத்தால் அதுவும் வெளுப்பாகக் காட்டத் தொடங்கும். இன்று நிறையப் பேர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள், நானும்தான்.

ஜூன் 4

சிடி ஸ்கேனுக்குக் கணக்கு போட்ட ஆலன் கோர்மாக் தென்னாப்பிரிக்கரா என்று ரேடியோகிராஃபர் ஐயா கேட்டதற்குப் பதில்: ஆமாம், நம் நாட்டுக்காரர்தான். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். 1956ல் கேப் டவுன் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதி நேரமாக வேலை செய்தபோது யோசித்த கணக்கு பின்னால் சிடி ஸ்கேனாகி, 1979ல் அவருக்கு நோபல் வந்தது.

ஜூன் 18

"எல்லாத் துகளையும் ஒரே அளவில் செய்ய முடியாதா?" என்று தம்பி கேட்டிருந்தான். அம்மோனியா வழியில் முடியாது. 6 நானோமீட்டரும் வரும், 14ம் வரும். ஒரே அளவு வேண்டுமானால் சூடாக்கிச் சிதைக்கிற வழி உண்டு. இரும்பு ஒலியேட் என்ற பிசுபிசுப்பான செம்பழுப்புப் பொருளை ஆக்டடெசீன் என்ற திரவத்தில் கரைத்து, நிமிடத்துக்கு 3.3 டிகிரி வீதம் 320 டிகிரி வரை ஏற்றி, அரை மணி நேரம் வைக்க வேண்டும். கொரியாவில் 2004ல் வெளியான முறை. அந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்தால் தட்டில் ஜவ்வரிசி பரப்பின மாதிரி இருக்கும், ஒன்றுபோல் இன்னொன்று.

அதன் ரகசியம் நேரம். துகளாக வளரப்போகிற விதைகள் எல்லாம் ஒரே கணத்தில் பிறந்து, அதற்குப் பிறகு புது விதை பிறக்காமல், இருப்பது மட்டும் சேர்ந்து வளர வேண்டும். 1950ல் லாமெர் என்பவர் இதைக் கந்தகத் துகளில் காட்டினார். சூடு சீராக ஏறினால்தான் இது நடக்கும்.

2021ல் ஒரு நாள் 290 டிகிரியில் கரண்ட் போய்விட்டது. மின்வெட்டு (லோட் ஷெடிங்) அட்டவணையைப் பார்த்துத்தான் ஆரம்பித்திருந்தேன், அன்றைக்கு மின்வெட்டின் ஸ்டேஜ் மாறியது எனக்குத் தெரியவில்லை. கலக்கி நின்றது, சூடாக்குகிற மேன்டில் ஆறத் தொடங்கியது. ஜெனரேட்டர் வருவதற்குள் பதினோரு நிமிடம். திரும்ப ஏற்றினேன், அதுதான் தப்பு. முதல் ஏற்றத்தில் பாதி விதை, இரண்டாவது ஏற்றத்தில் மீதி விதை. நுண்ணோக்கியில் இரண்டு குடும்பம் தெரிந்தது, 8 நானோமீட்டர் ஒன்று, 15 ஒன்று. நாலு நாள் செலவழித்துச் செய்த ஒலியேட். குப்பையில் போட மனசு வராமல் அந்தக் குப்பி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

பிறகு ஒரு யுபிஎஸ் வாங்கிக் கலக்கிக்கு மட்டும் கொடுத்தோம். மேன்டில் இழுக்கிற கரண்டுக்கு அது தாங்காது. விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பிக்கிற பழக்கம் அப்போது வந்தது.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. அந்தத் துகளின் மேல் இருப்பது ஒலியிக் அமிலம், எண்ணெய்ச் சட்டை. தண்ணீரில் கலக்காது. சட்டையைக் கழற்றி வேறு மாட்ட வேண்டும், மாட்டும்போது பாதி கட்டியாகும். அளவு ஒன்றுபோல் வந்த சந்தோஷம் அங்கேயே போய்விடும்.

ஜூலை 1

இன்றைக்கு எனக்கு ரொம்ப சந்தோஷம். டோங்காட்டிலிருந்து ஓர் ஐயா எழுதியதுதான் காரணம்.

மேற்பூச்சுக்கு நான் கடைசியில் போய் நின்றது டெக்ஸ்ட்ரான் என்று போன வாரம் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். குளுக்கோஸ் கண்ணிகளால் ஆன நீளமான சங்கிலி. அது மின்னேற்றத்தை நம்புவதில்லை. துகளைச் சுற்றிப் புதர் மாதிரி நிற்கும், இன்னொரு துகள் கிட்டே வந்தால் புதரும் புதரும் இடித்துக்கொள்ளும், இரும்பும் இரும்பும் தொடாது. உப்பு எவ்வளவு இருந்தாலும் புதர் அப்படியே இருக்கும். ஃபெரிடெக்ஸின் சட்டையும் டெக்ஸ்ட்ரான்தான்.

ஐயா எழுதியிருக்கிறார்: "எங்கப்பா சர்க்கரை மில்லில் வேலை செய்தவர். தீ வைத்து வெட்டின கரும்பு இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடந்தால் சாறு சளி மாதிரி வழவழ என்று ஆகிவிடும், பாகு இறங்காது, சர்க்கரை ஊசி ஊசியாக நீண்டு வரும் என்பார். மில் கெமிஸ்ட் அதை டெக்ஸ்ட்ரான் என்றுதான் சொல்வாராம். நீங்கள் சொல்வதும் அதுவா?"

அதேதான் ஐயா. அதே பொருள். லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா வெட்டின கரும்பின் காயத்தில் உட்கார்ந்து சர்க்கரையைச் சாப்பிட்டுச் செய்கிற பசை. மருந்துக் கம்பெனிகள் வாங்குகிற டெக்ஸ்ட்ரானும் இந்த பாக்டீரியாவைத் தொட்டியில் சர்க்கரை கொடுத்து வளர்த்து எடுப்பதுதான். அப்புறம் அளவு பார்த்து நறுக்கிச் சுத்தம் செய்கிறார்கள். பாஸ்டர் இந்தப் பசையை வைனில் பார்த்து எழுதியது 1861. அதற்கு முந்தின வருடம் நவம்பர் 16ம் தேதிதான் நம் ஆட்களின் முதல் கப்பலான ட்ரூரோ மெட்ராஸிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. கரும்பு வெட்ட வந்த நம் ஆட்கள் அந்தப் பசையைக் கையால் தொட்டிருப்பார்கள், சாறு கெட்டுப்போச்சு என்று திட்டும் வாங்கியிருப்பார்கள்.

நான் 2019 முழுக்க ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு வெள்ளைப் பொடியைக் கிராம் கணக்கில் எண்ணி எண்ணிச் செலவழித்தேன். மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1925லிருந்து இருக்கிறது. அந்த வாசலைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போவேன். இந்தச் சம்பந்தம் ஒரு நாளும் தோன்றவில்லை.

செய்முறை கேட்டவர்களுக்கு: இரும்பு உப்புகளோடு டெக்ஸ்ட்ரானையும் முதலிலேயே கரைத்துவிட்டு, பிறகு அம்மோனியா, பிறகு 60, 65 டிகிரியில் கால் மணி நேரம். துகள் பிறக்கும்போதே சட்டையோடு பிறக்கிறது. 1982ல் மோல்டே, மெக்கன்ஸி என்ற இருவர் எழுதிய வழியைத் தழுவியது. மிச்சமிருக்கிற டெக்ஸ்ட்ரானைக் கழுவி எடுக்கத்தான் இரண்டு நாள் ஆகும்.

ஜூலை 9

என் முதல் குறிப்பையே திருத்துகிறேன். நைட்ரஜன் ஓடவிட வேண்டும் என்றேன், மேக்னடைட் என்றேன். இரண்டும் பாதி உண்மை.

வீழ்படிவாகிற நேரத்தில் நைட்ரஜன் வேண்டும். இல்லாவிட்டால் ஃபெரஸ் இரும்பு காற்றில் மாறி விகிதம் கெட்டு, வேறு துரு கலந்து வரும். ஆனால் துகள் பிறந்த பிறகு காற்றைத் தடுக்கவே முடியாது. 10 நானோமீட்டர் துகள் சில வாரத்தில் மேக்ஹெமைட் என்ற இன்னொரு காந்த இரும்பு ஆக்சைடாக மாறிக்கொண்டே போகும். கறுப்புத் தண்ணீர் செம்பழுப்பாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காந்தத்தன்மை கொஞ்சம் குறையும், மோசமில்லை. எக்ஸ்ரே பாய்ச்சிப் படிக அமைப்பைப் பார்க்கிற எக்ஸ்ஆர்டி சோதனையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோடுகளைக் காட்டும், அதை மட்டும் வைத்து மேக்னடைட் என்று எழுதக் கூடாது. நான் என் முதல் அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன். மஸாரின் குழுவே பிற்பாடு வேண்டுமென்றே ஃபெரிக் நைட்ரேட்டில் காய்ச்சி முழுக்க மேக்ஹெமைட்டாக்கிவிட்டது, மாறுகிறதை மாற்றிவிட்டால் பிறகு நிலையாக இருக்கும் என்று. இப்போது நானும் அப்படித்தான்.

ஆக, இந்த இழையில் நான் மேக்னடைட் என்று எழுதிய இடத்தில் எல்லாம் "இரும்பு ஆக்சைடு" என்று வாசியுங்கள்.

ஜூலை 30

இன்று எங்கள் தெருக் கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ். இங்கே போரிட்ஜ் ப்ரேயர்ஸ் என்பார்கள். நான் குடியிருக்கிற வீட்டுப் பாட்டி, ஆயா என்றுதான் கூப்பிடுவேன், போன வருடம் பானைப் பக்கத்தில் நின்று ஊற்றினார். இந்த வருடம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். சிறுநீரகம் சரியில்லை, ரத்தத்தில் இரும்பு நிற்பதில்லை.

வெள்ளிக்கிழமை ஆயாவை இரும்பு டிரிப்புக்கு அழைத்துப் போனேன். நர்ஸ் பையைத் தொங்கவிட்டதும் நான் அசந்துபோய் நின்றுவிட்டேன். பால் விடாத டீ நிறம். என் புட்டியின் நிறம். ஆயா கேட்டார், "என்ன கண்ணு அப்படிப் பாக்கிற? இதத்தான் நீ செய்யறியா?"

கிட்டத்தட்ட ஆமாம். அந்த டிரிப்பில் இருப்பதும் நானோ துகள்தான். இரும்பு ஹைட்ராக்சைடு நடுவில், சுற்றிலும் சர்க்கரைச் சட்டை. நடுவில் இருப்பது என்னுடையது மாதிரி காந்தம் இல்லை, அவ்வளவே வித்தியாசம். இரும்பு உப்பைச் சும்மா நரம்பில் ஏற்றினால் விஷம். சட்டை போட்டு ஏற்றினால் குப்ஃபர் செல் விழுங்கி, மெல்லப் பிரித்து, உடம்பின் இரும்புக் கிடங்கில் சேர்த்துவிடும். பிறகு அது புது ரத்தச் சிவப்பணுவாகும். என் துகளுக்கும் முடிவில் இதே கதிதான். உடம்பில் மொத்தம் 3, 4 கிராம் இரும்பு இருக்கிறது, ஒரு ஸ்கேனுக்கு வேண்டிய சில பத்து மில்லிகிராம் அதில் கரைந்துவிடும். காடோலினியத்துக்கு இந்த வசதி இல்லை, உடம்புக்கு அது அன்னியம். சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் காடோலினியம் கொடுக்க டாக்டர்கள் தயங்குவதும் அதனால்தான்.

இரண்டு வேலையையும் ஒரே துகள் செய்த கதையும் உண்டு. ஃபெரூமாக்சிடால். 2009ல் அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு அனுமதி கிடைத்தது, ஒரு டோஸில் 510 மில்லிகிராம் இரும்பு. உள்ளே காந்த இரும்பு ஆக்சைடு என்பதால் சில டாக்டர்கள் அதையே எம்ஆர்ஐக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள், ரத்தக்குழாய்கள் அழகாகத் தெரிகின்றன. ஆனால் கடுமையான ஒவ்வாமையால் சிலர் இறந்தபின் 2015ல் எச்சரிக்கை வந்தது. முன்பு சில நொடியில் ஊசியாக ஏற்றியதை இப்போது குறைந்தது கால் மணி நேரம் டிரிப்பாகத்தான் ஏற்ற வேண்டும். தம்பி, எலிக்குக்கூடக் கூடாது என்றேனே, இதுதான் காரணம். இத்தனை சோதனை தாண்டிய மருந்துக்கே அப்படி.

ஆயாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "ஆமாம் ஆயா, இந்த மாதிரிதான்" என்றேன். "சர்க்கரையா? அப்ப என் டயபெட்டிஸுக்கு ஆகுமா?" என்று கேட்டார். நர்ஸ் சிரித்துக்கொண்டே அது ரொம்பக் கொஞ்சம்தான் என்று சொன்னார்.

ஆகஸ்ட் 19

துகள் எவ்வளவு கறுக்கிறது என்பதற்கு எண் கேட்டவருக்கு.

துகள் எவ்வளவு நன்றாகக் கறுக்கிறது என்பதை இப்படி அளப்போம். ஆறு குழாயில் அகர் ஜெல், ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு துகள். ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் முடிந்தபின் இரவில் அரை மணி நேரம் மெஷின் கொடுத்தார்கள். திரையில் ஆறு வட்டம் வந்தது. இடது ஓரத்தில் வெள்ளை, அடுத்தது சாம்பல், கடைசி இரண்டும் பின்னணியோடு கலந்து காணாமலே போய்விட்டன. எக்கோ நேரத்தை, அதாவது சமிக்ஞையை எவ்வளவு நேரம் கழித்துக் கேட்கிறோம் என்பதை, மாற்றி மாற்றி எடுத்தால் ஒவ்வொரு குழாயும் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று கிடைக்கும். அந்த வேகத்தை இரும்பின் செறிவுக்கு எதிராகப் புள்ளி வைத்தால் ஒரு நேர்கோடு. கோட்டின் சரிவுதான் ஆர்2.

என் சரிவு சந்தையில் இருந்த மருந்தைவிட நன்றாக வந்தது. போஸ்டர் அடித்தேன், ஒரு மாநாட்டில் நின்று பெருமையாகச் சொன்னேன்.

தப்பு மெஷினில் இல்லை, இரும்பை எண்ணியதில். துகளை அமிலத்தில் கரைத்து, ஹைட்ராக்சிலமீன் போட்டு, ஃபீனாந்த்ரோலின் விட்டால் ஆரஞ்சுச் சிவப்பு வரும். 510 நானோமீட்டர் ஒளியில் அதன் அடர்த்தியை அளந்தால் இரும்பு எவ்வளவு என்று தெரியும். நான் அமிலத்தில் அரை மணி நேரம்தான் வைத்தேன். டெக்ஸ்ட்ரான் சட்டைக்குள் இருந்ததெல்லாம் கரையவில்லை. ஒரு மாதம் கழித்துப் பழைய குழாயைக் கழுவ எடுத்தபோது அடியில் மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளிகள். இரும்பைக் குறைத்து எண்ணியிருக்கிறேன், அதனால் சரிவு கூடித் தெரிந்திருக்கிறது. அடர் அமிலத்தில் ராத்திரி முழுக்க வைத்துத் திரும்ப எண்ணினேன். சரிவு மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. போஸ்டரைப் பார்த்து மின்னஞ்சல் அனுப்பியிருந்த எல்லோருக்கும் எழுதித் திருத்தினேன்.

இப்போது யாருடைய கட்டுரையில் பெரிய ஆர்2 பார்த்தாலும் முதலில் இரும்பை எப்படி எண்ணினார்கள் என்ற பத்தியைத்தான் தேடுகிறேன்.

ஆகஸ்ட் 20

உம்ஹ்லாங்கா கடற்கரையில் காந்தத்தை வைத்தால் கறுப்பு மணல் ஒட்டுகிறதே, அதை அரைத்துச் செய்யலாமா என்று கேட்டவருக்கு: அந்தக் கறுப்பில் மேக்னடைட் உண்டு, அதைவிட டைட்டேனியம் கலந்த இல்மனைட் அதிகம். ஒரு மணல்மணி நம் துகளைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரிசு. அமிலத்தில் கரைத்து இரும்பை எடுக்கலாம், டைட்டேனியமும் மற்றதும் கூடவே வரும். பள்ளிக்கூடச் செயல்விளக்கத்துக்கு நல்லது. ஸ்கேனுக்கு வேண்டாம்.

செப்டம்பர் 2

துகளையே நேராகப் பார்க்க வழி இல்லையா என்று ரேடியோகிராஃபர் ஐயா கேட்டார். உண்டு. காந்தத் துகள் படமெடுப்பு. 2005ல் ஹாம்பர்க்கில் க்ளைஷ், வைட்ஸ்னெக்கர் என்ற இருவர் வெளியிட்டது. ஆடுகிற காந்தப்புலத்துக்குத் துகள் கொடுக்கும் மறுமொழியையே அளக்கிறார்கள். தண்ணீரோ தசையோ எலும்போ எந்தச் சத்தமும் போடாது, துகள் இருக்கிற இடம் மட்டும் தெரியும். கறுப்பா காற்றா என்ற ஐயாவின் தொல்லை அங்கே இல்லை. 2009ல் எலியின் இதயம் துடிப்பதையே பார்த்துவிட்டார்கள். அதற்கு இன்னும் பெரிய துகள் நல்லது, 25 நானோமீட்டர் பக்கம். அவ்வளவு பெரிசு கட்டியாகாமல் உப்பில் நிற்க வேண்டும். மறுபடியும் சட்டை.

செப்டம்பர் 16

தம்பி இன்று லேபுக்கு வந்தான், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அம்மா சமோசா கட்டிக்கொண்டு வந்திருந்தார், லேபுக்கு வெளியே வராந்தாவில் வைத்துச் சாப்பிட்டோம்.

அவனிடம் இரண்டு புட்டி கொடுத்தேன். ஒன்றில் 2018 மாதிரியே சிட்ரேட் பூசியது, மற்றதில் டெக்ஸ்ட்ரான். எது எது என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே டீ நிறம். இரண்டிலும் சலைன் விடச் சொன்னேன். பைப்பெட்டைப் பிடித்த கை முதலில் கொஞ்சம் நடுங்கியது. பின்னால் ஜன்னல் கம்பி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு என்றேன்.

பன்னிரண்டாவது நிமிடத்தில், "அக்கா, இடது பக்கம் மங்குது" என்றான். இருபத்தைந்தாவது நிமிடத்தில் துணுக்கு. காந்தத்தை வைத்தான், இடது புட்டியில் எல்லாம் ஒரு ஓரமாக வந்து ஒட்டிக்கொண்டது, அவன் வீடியோவில் பார்த்த மாதிரியே. வலது புட்டியிலும் காந்தத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். மூன்று மணி ஆகியும் ஒன்றும் அசையவில்லை. அம்மா வாசலில் நின்று போகலாமா என்று கேட்டார். இன்னும் பத்து நிமிடம் என்றான்.